இன்றிரவு அவருக்குப் பதிலாக இவர்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: லண்டன் போனால், மாற்று நடிகர் மேடையேறுகிற நாளில் டிக்கெட் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்தான் என்று. அதற்கு இத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று நினைக்கவில்லை. சிலர் உண்மையிலேயே சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், யாரோ காசு கொடுத்து என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். அவருக்கு மட்டும் முதலில் பதில்: இல்லை சார், கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான்.

“மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஃபார்ச்சூன் தியேட்டரில் ‘ஆபரேஷன் மின்ஸ்மீட்’ பார்க்கப் போனோம். அதன் பாட்டுகளை ஆறு மாதமாகக் காரில் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். உள்ளே நுழைந்தால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் பதிலாக வேறு இருவர். அவள் முகமே வாடிவிட்டது. நாடகம் முடிந்து வரும்போது சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் வயிற்று வலி, அது வேறு விஷயம். ஆனாலும் ரயிலில், ‘அசல் ஆட்கள் ஆடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எங்களுக்கு இது நஷ்டமா, லாபமா?”
— ஹாரோ வாசகர்

நஷ்டமில்லை. ஆனால் உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, அதை ‘எல்லாரும் நல்லாத்தானே நடிக்கிறாங்க’ என்று தட்டிக்கழிக்க மாட்டேன்.

நாடகம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1943இல் பிரிட்டிஷ் உளவுத்துறை ஒரு விபரீதமான காரியம் செய்தது. லண்டனில் ஆதரவில்லாமல் செத்துப்போன ஒரு மனிதரின் உடலுக்கு ராணுவ அதிகாரி வேஷம் போட்டு, மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று பெயர் சூட்டி, சட்டைப்பையில் காதலி எழுதிய கடிதம், பெட்டியில் பொய்யான ரகசியக் கடிதங்கள் எல்லாம் வைத்து, நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் ஸ்பெயினின் உவெல்வா கரையோரம் மிதக்கவிட்டார்கள். கடிதங்களில் இருந்த சேதி ஜெர்மானியர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எதிரி கிரீஸிலும் சார்டினியாவிலும்தான் இறங்கப்போகிறான் என்று ஹிட்லர் நம்பினார், நேச நாட்டுப் படை ஜூலையில் சிசிலியில் போய் இறங்கியது. அந்தச் செத்த மனிதர் கிளிண்டூர் மைக்கேல் என்ற வேல்ஸ்காரர்.

இதையெல்லாம் யாராவது ஆட்டம்பாட்டத்தோடு நகைச்சுவை நாடகமாக்குவார்களா? ஸ்பிட்லிப் என்ற குழு ஆக்கியது. 2019இல் நியூ டயோராமா என்ற சின்ன அரங்கில் தொடங்கியது, 2023இல் ஃபார்ச்சூனுக்கு வந்தது, 2024இல் சிறந்த புதிய இசை நாடகத்துக்கான ஆலிவியர் விருது (லண்டன் நாடக உலகின் பெரிய விருது), 2025இல் நியூயார்க்கின் பிராட்வே. நடிப்பவர்கள் ஐந்தே பேர். உளவு அதிகாரி, காரியதரிசி, மாலுமி, பிணப் பரிசோதனை டாக்டர், தூதரக ஆள், நாஜி என்று அத்தனை பேரும் இந்த ஐந்து பேர்தான். ஆண் வேஷத்தைப் பெண் போடுவார், பெண் வேஷத்தை ஆண் போடுவார், கோட்டும் தொப்பியும் மாறுகிற வேகத்தில் ‘இவர் இப்போது யார்’ என்று நாம் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும்.

நான் இதை இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை முழு அசல் குழு. இரண்டாம் தடவை உங்களைப் போலவே தாள் ஒட்டியிருந்தது. முதல் தடவை எனக்கு ஓர் இயந்திரம் ஓடுவது மாதிரி இருந்தது, அவ்வளவு சுத்தம், எங்கே கைமாறுகிறது என்றே தெரியவில்லை. இரண்டாம் தடவைதான் கைமாறுவது கண்ணில் பட்டது. பழைய ஆள் ஒருவர் புதியவரை நோக்கி ஒரு கணம், ஒரே கணம், பார்க்கிறார். ‘தயாரா’ என்று கேட்கிற பார்வை. புதியவர் தலையசைக்கக்கூட இல்லை, சரியான இடத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். ஐந்து பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எப்போதும் வரும் இடத்தில்தான் வசனம் வரும் என்று யாரும் மெத்தனமாக இருக்க முடியாதல்லவா, அதனால் மூத்தவர்கள் மூன்று பேருமே அன்று கூடுதல் விறுவிறுப்பாக இருந்தார்கள்.

அப்புறம் ‘டியர் பில்’. கூத்தெல்லாம் சட்டென்று நின்று, ஹெஸ்டர் என்ற நடுவயதுக் காரியதரிசி, இல்லாத மேஜருக்கு இல்லாத காதலி எழுதுகிற கடிதத்தைச் சொல்லிக்கொண்டே வருவார், சொல்லச் சொல்ல அது யாருக்கு எழுதியது என்பது நமக்குப் புரியும். அசல் குழுவில் அதைப் பாடியவர் ஜாக் மலோன். அந்தப் பாத்திரத்துக்காக ஆலிவியரும் வாங்கினார், பிராட்வேயின் பெரிய விருதான டோனியும் வாங்கினார். அன்று பாடியவர் மாற்று நடிகர். முதல் இரண்டு அடி வரைக்கும் என் காது இசைத்தட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது அடியில் ஒப்பிடுவதை மறந்துபோனேன். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையைத் தேடி எல்லாப் பையிலும் கைவிட்டுக்கொண்டிருந்தார். ஃபார்ச்சூன் 432 இருக்கை உள்ள குட்டி அரங்கம், ஒருவர் மூக்கை உறிஞ்சினால் பால்கனி வரைக்கும் கேட்கும்.

ஆக, உங்கள் மனைவிக்கு என் பதில்: அசல் ஆட்கள் ஆடியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். காரில் கேட்டதே திரும்பவும் கேட்டிருக்கும், அதிலும் ஒரு சுகம் உண்டுதான். ஆனால் நம் ஊரில் உற்சவர் வீதியுலா வரும்போது ‘மூலவர் வரலையா?’ என்று கோபித்துக்கொண்டு யாரும் கதவைச் சாத்துவதில்லையே. ஒருவர் பெயரை நம்பி ஓடாத, ஐந்து பேர் கோத்துக்கொண்டு ஆடுகிற நாடகத்தில், கோத்த கயிறு தெரிகிற ஒரு ராத்திரி கிடைத்தது உங்களுக்கு. அசல் ஆட்கள் எங்காவது திரும்ப ஆடினால் போய் அவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். அறுபதாவது பிறந்தநாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

“அண்டர்ஸ்டடி, ஸ்விங், ஸ்டாண்ட்பை, ஆல்டர்னேட், கவர்... இவர்களெல்லாம் ஒரே ஆட்களா, வேறு வேறா? படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.”
— கோயம்புத்தூர் வாசகி

வேறு வேறு. கவர் என்பது பொதுச்சொல்: அந்த வேஷத்துக்குத் தயாராக இருக்கிறவர். அண்டர்ஸ்டடி பெரும்பாலும் தினமும் மேடையில் கூட்டத்தில் ஒருவராக ஆடுகிறவர், முக்கிய நடிகர் வராவிட்டால் அவர் இடத்துக்கு நகர்வார். ஸ்டாண்ட்பைக்குத் தினப்படி வேஷம் கிடையாது, ஒரு பெரிய வேஷத்துக்காகவே காத்திருப்பார், கூப்பிட்டால் வந்து சேருகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டுக்கு வாரத்தில் இன்ன ஆட்டம் உனக்கு என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். வாரத்துக்கு எட்டு ஆட்டம், அதில் இரண்டு நாள் இரண்டிரண்டு ஆட்டம் என்றால் எந்தத் தொண்டைதான் தாங்கும்.

ஸ்விங் என்பவர்தான் என் கட்சி. அவருக்கென்று ஒரு வேஷமும் இல்லை, ஆனால் கூட்டத்தில் ஆடுகிற ஐந்தாறு பேர், சில சமயம் அதற்கும் மேல், ஒவ்வொருவருடைய ஆட்டமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நடிகர் நாடகம் முழுக்க எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் போகிறார், எந்த நாற்காலியைத் தூக்குகிறார் என்பதை டிராக் என்பார்கள். ஒரு ஸ்விங் நடிகையின் குறிப்பேட்டை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது. ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு நிறப் பேனா. ‘வலது 8. நாற்காலி இடது கையில். பாட்டு மூன்றாம் அடியில் 4க்குப் போ. பின்னால் பச்சை வரும், வழிவிடு.’ பச்சை என்றால் பச்சைப் பேனா ஆள். எண்கள் என்ன என்கிறீர்களா? மேடையின் முன்விளிம்பில் நடுவே பூஜ்யம், இரண்டு பக்கமும் வரிசையாக எண்கள் ஒட்டியிருக்கும், நமக்குத் தெரியாது, ஆடுகிறவர்களுக்குத் தெரியும். இந்த எண்தான் அவர்களுக்கு விலாசம். ஓர் ஆள் இரண்டு எண் தள்ளி நின்றாலும் பின்னால் கால்வீசி வருகிறவரின் பூட்ஸ் முகத்தில் விழும், இது பேச்சுக்குச் சொல்வதில்லை.

இதைவிடக் கொடுமை, ஒரே நாளில் மூன்று பேர் லீவு, ஸ்விங் இரண்டே பேர் என்றால், ஒருவரே இரண்டு ஆட்களின் டிராக்கைப் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டி ஆடுவார். ஸ்ப்ளிட் டிராக் என்று பெயர். முதல் பாட்டில் நீலம், இரண்டாவதில் நீலமும் சிவப்பும் எதிரெதிரே வருகிற இடத்தில் யாராக இருப்பது என்பதைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆட்டங்களை மேற்பார்க்கிற டான்ஸ் கேப்டனோடு உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஏழரைக்கு ஆட்டம்.

“நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் இன்னொரு பிள்ளையைப் போடுவேன், அவர் முதல் பிள்ளை செய்ததை அப்படியே செய்துகாட்டுவார், ஆனால் சனம் சிரிக்காது. சோக நாடகத்தில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. ஏன் ஐயா?”
— ஓர் ஆசிரியை

டீச்சர், இந்த மாதம் வந்ததில் சிறந்த கேள்வி உங்களுடையது.

நகைச்சுவையில் எழுதி வைக்க முடியாத ஒரு பாத்திரம் உண்டு, அது எதிரே உட்கார்ந்திருக்கும் சனம். சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். முழுக்க அடங்க விட்டால் சூடு போய்விடும், திரும்பக் கிளப்ப வேண்டும். முதல் பிள்ளை வெள்ளிக்கிழமை சனத்துக்கு விட்ட இடைவெளியை, உங்கள் இரண்டாவது பிள்ளை சனிக்கிழமை சனத்துக்கு விடுகிறார். அவர் செய்வது சரியான நகல், ஆனால் நேற்றைய சிரிப்புக்கான நகல்.

இசை நாடகத்தில் இன்னொரு சிக்கல். பாட்டுக்கு நடுவே வசனம் வருகிற இடங்களில் வாத்தியக்காரர்கள் ஒரே சின்ன இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள், வேம்ப் என்று சொல்வது. நடிகர் வசனத்தை முடித்ததும் இசை நடத்துகிறவர் கையசைக்க, அடுத்த அடிக்குப் போகும். மாற்று நடிகர் ஆடுகிற நாளில் இசை நடத்துகிறவரின் கண் மேடையைவிட்டு நகராது, கவனித்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் எனக்கு அதைப் பார்ப்பதே பாதி நாடகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கால் விஷயத்தில் மாற்று நடிகருக்குச் சுதந்திரமே கிடையாது. விளக்கு விழுகிற இடம், சுழலும் படிக்கட்டு, தூக்கி வீசுகிற தொப்பி எல்லாம் மூல நடிகரின் இடத்துக்கு அளந்து வைத்தவை. அங்கே அப்படியே அடிச்சுவட்டில் கால் வைத்தாக வேண்டும். ஆனால் வாயில் அவரைப் போலச் செய்தால் செத்தான். கால் இன்னொருவருடையது, வாய் தன்னுடையது என்று ஒரே உடம்பில் இரண்டு ஆளாக இருக்கத் தெரிந்தவர்தான் நகைச்சுவையில் நல்ல அண்டர்ஸ்டடி. உங்கள் பிள்ளையிடம், எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். வசனத்தை முதல் பிள்ளை எப்படிச் சொன்னார் என்பதைக் காட்டவே காட்டாதீர்கள்.

பெரிய நடிகராக இருந்தால் போதும் என்றும் இல்லை. ‘தி ப்ரொட்யூசர்ஸ்’ 2001இல் பிராட்வேயில் வந்து 12 டோனி விருது வாங்கிய அமர்க்களமான மியூசிக்கல் காமெடி. கதாநாயகனாக ஆடிய நேதன் லேன் விலகியதும் 2002இல் அவர் இடத்துக்கு ஹென்றி குட்மேன் என்ற பெயர்பெற்ற பிரிட்டிஷ் நடிகரைக் கொண்டுவந்தார்கள். சுமார் ஒரு மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் ஏறியவர் பிராட் ஆஸ்கர். அந்த நாடகத்தில் ஸ்விங்காகச் சேர்ந்தவர். சிகாகோ முன்னோட்டத்தில் ஒருவருக்கு முழங்காலில் அடிபட, அவர் போட்டிருந்த நாஜி நாடகாசிரியர் வேஷம் இவருக்கு வந்தது, அதற்கே டோனி பரிந்துரையும் கிடைத்தது. லேனுக்கு அண்டர்ஸ்டடியாக இருந்து, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பு நிற்கும் என்பதை உடம்பிலேயே ஏற்றி வைத்திருந்த மனிதர். குட்மேன் மோசமான நடிகர் என்று இதற்கு அர்த்தமில்லை, அவர் லண்டனில் செய்ததையெல்லாம் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். கூட்டத்தோடு சேர்ந்து வளராமல், ஓடுகிற வண்டியில் பாதியில் ஏறுவது வேறு வித்தை.

“அதெல்லாம் சரி, காசு கொடுத்தது நான். பெரிய நட்சத்திரத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினேன். அவர் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?”
— நியூ ஜெர்சி வாசகர்

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் மாற்று நடிகர் கட்சி என்பதற்காக இதை மழுப்ப மாட்டேன்.

பிராட்வேயில் பொதுவான வழக்கம் இது: நாடகத்தின் பெயருக்கு மேலே யார் பெயர் அச்சாகியிருக்கிறதோ அவர் வராவிட்டால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். திரை ஏறுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும், பாதி நாடகம் பார்த்துவிட்டு இடைவேளையில் போய் நின்றால் சிரிப்பார்கள். பெயர் தலைப்புக்குக் கீழே இருந்தால் கிடையாது. லண்டனில் இந்த அளவுக்குக்கூட இல்லை. நடிகர்கள் மாறலாம், பணம் திரும்பாது என்று டிக்கெட் விதிகளிலேயே போட்டுவிடுவார்கள். பிராட்வேயில் ஆள் மாறியதைச் சொல்லியே ஆக வேண்டும், அதற்கு நடிகர் சங்க விதி உண்டு: நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒரு துண்டுச்சீட்டு, முகப்புக் கூடத்தில் அறிவிப்பு, ஒலிபெருக்கியில் அறிவிப்பு, இப்படி ஏதாவது வழியில். அந்த வெள்ளைத் துண்டுச்சீட்டைச் சேர்த்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மேஜை டிராயரிலும் ஏழெட்டு கிடக்கிறது.

ஆனால் சார், பணத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள் சில சமயம் எதை விட்டார்கள் என்றும் பாருங்கள். 2022இல் ‘ஃபன்னி கேர்ள்’ பிராட்வேக்குத் திரும்ப வந்தது. கதாநாயகி பீனி ஃபெல்ட்ஸ்டீன் ஜூலைக் கடைசியில் விலகினார், அவர் இடத்துக்கு லியா மிஷேல் செப்டம்பர் 6இல்தான் வந்தார், நடுவே ஒரு மாதம் முழுக்க நாடகத்தைத் தோளில் சுமந்தவர் ஸ்டாண்ட்பையாக இருந்த ஜூலி பென்கோ. ஆகஸ்ட் முடிவதற்குள் அவரைப் பார்க்கவே ஆட்கள் டிக்கெட் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் வியாழக்கிழமை ஆட்டம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டது.

“யாருக்கோ கால் உடைந்து, யாரோ ஒரே ராத்திரியில் நட்சத்திரமாவதெல்லாம் சினிமாவில்தானே?”
— திருச்சி கல்லூரி மாணவர்

நிஜத்திலும் நடந்திருக்கிறது, தம்பி. 1954இல் நியூயார்க் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் ‘தி பஜாமா கேம்’ என்ற மியூசிக்கல் காமெடி. கரோல் ஹேனி என்ற நடனக்காரிக்குக் கணுக்காலில் அடி. கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த, இருபது வயதான ஷர்லி மெக்லைனை ஏற்றிவிட்டார்கள். அந்த நாடகத்தில் பாப் ஃபாஸி அமைத்த ‘ஸ்டீம் ஹீட்’ என்ற மூன்று பேர் ஆட்டம், தொப்பியைச் சுழற்றிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்று அந்தத் தொப்பி கைநழுவி விழுந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். விழுந்தால் என்ன, எடுத்துக்கொண்டு ஆடினார். ஹேனிக்குப் பதில் அவர் ஆடியதை ஹால் வாலிஸ் என்ற ஹாலிவுட் தயாரிப்பாளர் பார்த்தார், ஒப்பந்தம் போட்டார், அடுத்த வருஷமே ஹிட்ச்காக் படத்தில் கதாநாயகி. அதே செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில்தான் நாற்பத்தேழு வருஷம் கழித்து, மேலே சொன்ன ‘ப்ரொட்யூசர்ஸ்’ நாடகமும் வந்தது. அந்தக் கட்டடத்துக்கு மாற்று நடிகர் ராசி இருக்கிறதோ என்னவோ.

இன்னொருவர் சட்டன் ஃபாஸ்டர். ‘தரோலி மாடர்ன் மில்லி’ நாடகத்தை 2000இல் கலிஃபோர்னியாவில் லா ஹோயாவில் முன்னோட்டம் பார்த்தபோது அவர் அண்டர்ஸ்டடி. கதாநாயகி விலக, இவர் உள்ளே வந்தார், 2002இல் பிராட்வே, அதே வருஷம் டோனி.

ஆனால் ஒன்று. இந்தக் கதைகளெல்லாம் நமக்குத் தெரிவதே நடந்தது அபூர்வம் என்பதால்தான். மற்றவர்கள் அன்றைக்கு ராத்திரி கைதட்டல் வாங்கிக்கொண்டு, மறுநாள் பழையபடி மூன்றாவது வரிசையில் குடை பிடித்துக்கொண்டு ஆடுகிறவர்கள். அதில் அவர்களுக்கு வருத்தம் இருக்கும் என்று நாம் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். எட்டுப் பேர் வேலையைத் தெரிந்து வைத்திருப்பதே தனித்தொழில் என்று செய்கிறவர்கள் நிறைய.

“மாற்று நடிகருக்குக் கைதட்டல் அதிகம் கிடைத்தால் மூல நடிகருக்குப் பொறாமை வராதா?”
— சேலம் வாசகர்

வரும். மனிதர்கள்தானே. ஆனால் இதையும் கேளுங்கள். 2021 டிசம்பர் 23, நியூயார்க் விண்டர் கார்டன் தியேட்டரில் ‘தி மியூசிக் மேன்’, முன்னோட்ட வாரம், இன்னும் முறைப்படி தொடங்கக்கூட இல்லை. கதாநாயகிக்குக் கோவிட். கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங் அன்று ஆடினார். முடிவில் கதாநாயகன் ஹியூ ஜாக்மேன் கைதட்டலை நிறுத்திப் பேசினார்: மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேலைக்கு வரும்போது இந்தப் பெண் எட்டு வேஷத்தில் எதை வேண்டுமானாலும் போட வேண்டியிருந்திருக்கலாம், ஒரு மணிக்குத்தான் இந்த வேஷத்துக்கு முதல் ஒத்திகை, இவர்கள்தான் பிராட்வேக்கு அஸ்திவாரம் என்கிற மாதிரி. சில நாளில் ஜாக்மேனுக்கே கோவிட் வந்து ஆட்டங்கள் ரத்தானது தனிக்கதை.

அன்று வராத கதாநாயகி யார் தெரியுமா? சட்டன் ஃபாஸ்டர்தான்.

“மாற்று நடிகர் ஆடும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?”
— சிங்கப்பூர் வாசகி

லீவு என்றால் உண்டு. நடிகர்களும் நாடகக்குழுக்களும் சமூக வலைதளத்தில் தேதி போட்டுவிடுவார்கள், சில மாற்று நடிகர்கள் ‘வியாழன் இரவு நான் ஆடுகிறேன், வாருங்கள்’ என்று அவர்களே சொல்வார்கள். காய்ச்சல் என்றால் கடவுளுக்கே தெரியாது. முடிந்ததும் மேடைக்கதவுப் பக்கம் போய் நில்லுங்கள், அவர் வெளியே வரும்போது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். துண்டுச்சீட்டு கொடுத்திருந்தால் அதில் பெயர் இருக்கும். கையெழுத்தையும் அந்தச் சீட்டிலேயே வாங்குங்கள்.

“இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் யாருக்காவது மாற்றாக மேடையேறியதுண்டா?”
— மயிலாப்பூர் வாசகர்

ஏறியிருக்கிறேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் ஒரு சபா நாடகக்குழுவில் நான் பிராம்ப்டர். பெயர் வேண்டாம், பாவம். ஓரத்துத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் நோட்டு, யாராவது மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் எல்லாருடைய வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் சமையல்காரர் வேஷம் போடுகிறவர் வரவில்லை, செங்கல்பட்டில் பஸ் நின்றுவிட்டது என்று தகவல். டைரக்டர் என் தலையில் முண்டாசைக் கட்டி, கையில் கரண்டியைக் கொடுத்து உள்ளே தள்ளினார். எனக்கு உள்ளூரக் குஷிதான். ஒரு வசனம் மறக்கவில்லை. ஓர் இடம் தவறவில்லை. என் வசனத்துக்குச் சிரித்தார்கள், ஹீரோ பேசும்போது இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், ஹீரோயின் அழும்போதுகூடச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு மாமி பக்கத்திலிருந்தவரைத் தட்டித் தட்டி என்னைக் காட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இடைவேளையில்தான் மேக்கப்காரர் சொன்னார். மூன்று மாதப் பழக்கம், ஸ்டூலில் உட்கார்ந்தபடி எல்லார் வசனத்தையும் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருப்பேனே, அதை மேடையிலும் விடவில்லை. ஹீரோ பேசினால் பின்னால் கரண்டியோடு நிற்கிற என் வாயும் அசைந்திருக்கிறது, ஹீரோயின் விம்மினால் என் உதடும் விம்மியிருக்கிறது. இரண்டாம் பாதி முழுக்க வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு நின்றேன், என் வசனம் வரும்போது அதையும் துப்ப முடியவில்லை.

மறுநாள் சமையல்காரர் வந்து, “நேத்து எப்படிப் போச்சு?” என்று கேட்டார். டைரக்டர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஒரு குறையும் இல்ல. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வாய் இருந்துது” என்றார்.